பியூலாவுக்காக ஒரு ஜெபக்குறிப்பு

மே 29, வியாழன்

ரூத் முதலாம் அதிகாரம். ஓர்பாள் மாமியாரை முத்தமிட்டுவிட்டுப் போய்விட்டாள். ரூத் விடாமல் பற்றிக்கொண்டாள். ஓர்பாள் கெட்டவள் என்று வேதத்தில் எங்கும் இல்லை, அழுதுவிட்டுத்தான் போனாள். ஆனால் அவள் பெயரை யாராவது பிள்ளைக்கு வைக்கிறார்களா? ஆயுசு முழுவதும் பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டவள் சொல்கிறேன், எத்தனையோ ரூத் வந்தாள், ஓர்பாள் ஒருத்தியும் வரவில்லை. தியானம்: முத்தம் யாரும் கொடுக்கலாம், கூட இருப்பதுதான் காரியம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ஐயரம்மா வந்தார்கள். எங்கள் சேகரத்துக் குருவான ஐயரின் மனைவி. அவர்கள் வந்தால் காப்பி போட வேண்டும், அதுவும் சீனி தூக்கலாக. பியூலா காப்பியோடு வந்ததும், "நீயும் உக்காரும்மா, ஒனக்குத்தான் சேதி" என்றார்கள். பக்கத்து ஊர் ஜெயசீலன், மின்வாரியத்தில் லைன்மேன், மனைவி இறந்து மூன்று வருஷம். மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக் கொடுத்துவிட்டாராம். அறுவடைப் பண்டிகையில் நம் பியூலா பாடியதைக் கேட்டு, ஐயரிடம் விசாரித்தாராம்.

என் தங்கைக்கு நாற்பத்தைந்து வயது. எனக்கும் அவளுக்கும் பதினேழு வயது வித்தியாசம். அவளைப் பெற்ற கையோடு அம்மா போய்விட்டதால், குப்பியில் பால் கொடுத்து வளர்த்தவள் நான். ஏசாயா புஸ்தகத்தில் அடுத்தடுத்து வருகிற இரண்டு பெயர்களை அப்பா எங்களுக்கு வைத்தார். நான் எப்சிபா, கர்த்தர் பிரியம் வைத்தவள். அவள் பியூலா, வாழ்க்கைப்பட்டவள். பெயர் வைத்ததோடு சரி, அப்பா மாப்பிள்ளை ஒருவருக்கும் பார்க்கவில்லை.

ஐயரம்மா சொல்லி முடித்ததும் பியூலா என்னைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். அவள் கீழே குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

மே 30, வெள்ளி

இட்லியில் உப்பில்லை. பியூலா பாடிக்கொண்டே மாவு ஆட்டினால் உப்பு போட மறக்கத்தான் செய்யும்.

ஜூன் 2, திங்கள்

ஜெயசீலன் தன் அண்ணியோடு வந்தார், கூட்டிவந்தது ஐயரம்மா. கறுத்து, ஒல்லியாக, கம்பத்தில் ஏறி இறங்கிக் காய்த்த கை. வந்து உட்கார்ந்த ஐந்து நிமிஷத்தில் எங்கள் வீட்டு மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "வயரு பழசா இருக்கு டீச்சர், ஒரு நாள் வந்து மாத்தித் தாரேன்" என்றார். பெண் பார்க்க வந்தாரா, மின்சாரம் பார்க்க வந்தாரா தெரியவில்லை.

நான் நேராகவே கேட்டேன். "குளியலறையில விழுந்து இடுப்பு ஒடிஞ்சதுலேருந்து வாக்கரைப் பிடிச்சுத்தான் நடக்கேன். குளிப்பாட்ட, துணி மாத்த எல்லாத்துக்கும் இவதான். இவ போயிட்டா எனக்கு யாரு?"

"நீங்க ஏன் டீச்சர் தனியா இருக்கணும்? நம்ம வீட்டுல கீழ ஒரு ரூமு சும்மாதான் கெடக்கு. ஒட்டியே பாத்ரூம். நீங்களும் அங்க வந்துருங்க. பியூலா இப்ப பாக்குத மாதிரியே பாத்துக்கிடட்டும்."

பியூலா கதவுக்குப் பின்னால் நின்று அழுதாள். சந்தோஷ அழுகையாம். ஐயரம்மா உடனே ஸ்தோத்திரம் சொல்லி ஜெபம் பண்ணிக் காரியத்தை நிச்சயமாக்கிவிட்டார்கள்.

இன்றைய பகுதி லூக்கா பத்தாம் அதிகாரம். மார்த்தாள் வீட்டில்தான் இயேசு விருந்துண்டார். அது மார்த்தாளின் வீடு. மரியாளுக்கு அதில் உட்கார ஓர் இடம் கிடைத்தது. நம் ஆட்கள் மரியாளைத்தான் மெச்சுகிறார்கள், வீடு யாருடையது என்று ஒருவரும் கேட்பதில்லை. என் சம்பாத்தியத்தில் கட்டிய வீட்டில் நான் இருக்கிறேன். எவனோ ஒருவன் வீட்டில் கீழ் ரூமில் போய்க் கிடப்பதற்கு நான் என்ன பழைய பீரோவா?

ஜூன் 8, ஞாயிறு

இன்று முதல் ஓலை வாசித்தார்கள். கோயில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில்தான், ஒலிபெருக்கியில் எல்லாம் தெளிவாகக் கேட்கும். எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று ஐயர் சொல்லுவார். மூன்றாம் ஓலை வரை யாரும் வாய் திறக்காவிட்டால் கல்யாணம் நடக்கும். என் காலத்தில் யாரும் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. கோயிலுக்குள் யார் வாய் திறப்பார்கள்? வெளியில்தான் திறப்பார்கள்.

அப்பா பெயரை ஒலிபெருக்கியில் கேட்டது ஒரு மாதிரி இருந்தது. அவர் மகள் என்று சொன்னது பியூலாவை.

இதற்கு முன் இரண்டு வரன் வந்தது. ஒன்று பாளையங்கோட்டை வாத்தியார், இன்னொன்று தூத்துக்குடியில் துறைமுக வேலை. இரண்டு தடவையும் பெண்கள் சங்கத்து ஜெபக்கூட்டத்தில் சொல்லி ஊக்கமாக ஜெபித்தோம். கர்த்தர் இரண்டு வாசலையும் அடைத்தார். அவர் அடைத்தால் திறக்க ஆளில்லை.

கோயில் முடிந்து பியூலா வந்தாள். தலையில் பூ. கொயரில் கூடப் பாடுகிற பெண்கள் வைத்துவிட்டார்களாம். எனக்குக் கஞ்சி ஊற்றினாள், காலுக்குத் தைலம் தேய்த்தாள். தேய்க்கும்போதும் அந்தச் சிரிப்பு இருந்தது. என் காலைப் பார்த்து ஒருத்தி சிரிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

ஜூன் 12, வியாழன்

பெண்கள் ஐக்கிய சங்கத்து ஜெபக்கூட்டம், வழக்கம்போல் எங்கள் வீட்டில். நான் நடக்க முடியாததால் இங்கேயே வைத்துக்கொள்கிறார்கள். பியூலா சுண்டல் பண்ணி வைத்துவிட்டுத் தையல் வகுப்பு எடுக்கப் போய்விட்டாள். மெர்சிலினுக்குக் காது சற்று மந்தம், அதனால் அவளை என் பக்கத்தில் உட்காரவைத்தேன். அவள் தங்கையைக் கொடுத்திருப்பது ஜெயசீலன் ஊரில்.

பாட்டு, பகுதி, சின்னச் செய்தி எல்லாம் முடிந்து ஜெபக்குறிப்புகள் கேட்டார்கள். ஒருத்திக்கு மகன் வேலை, ஒருத்திக்கு மூட்டுவலி. என் முறை வந்தது. கண்ணீர் வந்துவிட்டது. அது உண்மையான கண்ணீர், எனக்கும் கர்த்தருக்கும் தெரியும்.

"பியூலாவுக்காக பாரத்தோட ஜெபிச்சுக்கிடுங்க," என்றேன். "புது எடத்துக்குப் போறா. அந்தப் பழைய சொகமில்லாமை திரும்ப வந்துரக் கூடாது."

"என்ன சொகமில்லாமை டீச்சர்?"

"அத விடுங்க. இருபத்துமூணு வயசுல கிணத்தடியில குனிஞ்சு நின்னா. நான்தான் பின்னால போயிப் பிடிச்சு இழுத்தேன். அதுலேருந்து அவளத் தனியா விட்டதில்ல. ஆண்டவர் காப்பாத்திக் கொண்டுவந்துட்டாரு. இது நமக்குள்ள இருக்கட்டும், ஜெபத்துக்காகத்தான் சொல்லுதேன்."

எல்லோரும் 'ச்சு' கொட்டினார்கள். மெர்சிலின் ஒரு முறை கூட "என்ன?" என்று கேட்கவில்லை. நன்றாகக் கேட்டிருக்கிறது.

நான் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. அவள் குனிந்து நின்றது உண்மை, நான் இழுத்தது உண்மை. கிணற்றில் வாளி விழுந்துவிட்டது, பாதாளக் கரண்டியை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன் என்று அன்றைக்கு அவள் சொன்னாள். வாளி விழுந்ததும் உண்மைதான். மறுநாள் ஆள் விட்டு எடுத்தோம். ஆனால் ஜெபக்குறிப்பில் வாளியைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?

சுண்டலில் உப்பு சரியாக இருந்ததாக எல்லோரும் சொன்னார்கள்.

ஜூன் 13, வெள்ளி

பியூலா உபவாசம். கல்யாணக் காரியத்துக்காக என்றாள். மத்தியானம் சமையல்கட்டில் தனியாக ஜெபித்துக்கொண்டிருந்தாள், சத்தம் கூடம் வரை வந்தது. எனக்குத் தூக்கம் போச்சு.

ஜூன் 15, ஞாயிறு

இரண்டாம் ஓலை.

பியூலா கோயில் விட்டு வந்ததும் வராததுமாக, "அக்கா, இன்னைக்கு எல்லாரும் ஏன் கையப் பிடிச்சுக்கிட்டு 'ஒனக்காக ஜெபிக்கோம் பியூலா'ன்னு சொல்லுதாங்க?" என்று கேட்டாள்.

"கல்யாணப் பொண்ணுக்கு ஜெபிக்க மாட்டாங்களா?"

"அது சரி. ஆனா மெர்சிலின் மைனி என்னயப் பாத்து அழுதாங்கக்கா."

"அவளுக்குக் கண்ணுல எப்பவும் தண்ணி."

பியூலா சிரித்தாள். முடிச்சவிழ்க்கத் தெரியாத பிள்ளை. அப்பாவும் இப்படித்தான், யார் எதைச் சொன்னாலும் நம்புவார்.

யாக்கோபு மூன்றாம் அதிகாரம். நாக்கு சின்ன அவயவம், பெரிய காட்டையும் கொளுத்திவிடும். இதை அச்சடித்து மெர்சிலின் வீட்டுச் சுவரில் ஒட்டிவைக்க வேண்டும்.

ஜூன் 17, செவ்வாய்

பகுதி ஒன்று இராஜாக்கள் இருபத்தொன்று. நாபோத்தின் திராட்சத்தோட்டம், அதற்காகப் பொய்சாட்சி வைத்து அவனைக் கொன்ற கதை. எத்தனையோ தடவை வாசித்தது. இன்று தியானம் இல்லை.

ஜெயசீலன் வந்தார். பியூலா வகுப்பில் இருக்கும் நேரம் பார்த்துத்தான் வந்திருக்கிறார். அண்ணி வரவில்லை. 'கழுவுகிற மீனில் நழுவுகிற மீன், இத்தோடு தொலைந்தது' என்று நினைத்துக்கொண்டேன். அவர் தொலையவில்லை.

"டீச்சர், ஊருக்குள்ள ஒரு பேச்சு வந்துச்சு. அண்ணி வேண்டாம்னு நிக்காங்க. நான் அதுக்கு வரல. பியூலாவுக்கு என்ன செய்யும்னு நீங்க என்ட்ட சொன்னாப் போதும். என்ன மருந்து, எப்ப குடுக்கணும்? மொத வீட்டுக்காரி ஏழு வருஷம் படுக்கையில கெடந்தா. நான்தான் பாத்தேன். எனக்குப் பயம் ஒண்ணும் இல்ல."

வாக்கரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "மருந்துன்னு ஒண்ணும் இல்ல, ஜெபந்தான்" என்றேன்.

"அப்ப ஜெபிச்சுக்கிடுவோம். இத பியூலாட்ட நான் கேட்டேன்னு சொல்லாதீங்க. அது மனசு சங்கடப்படும்."

போகும்போது மீட்டர் பெட்டியின் வயரை மாற்றிவிட்டுத்தான் போனார். கருவிகளைப் பையில் கொண்டுவந்திருந்தார். இந்த மனுஷனை நான் வெறுக்கிறேன். வெறுக்கக் கூடாது என்று தெரியும், வெறுக்கிறேன்.

ஜூன் 18, புதன்

காலையில் என் காலுக்குத் தைலம் தேய்த்த பியூலா மீட்டர் பெட்டியில் புது வயரைப் பார்த்துவிட்டு, "அவுக வந்தாவளா?" என்றாள். இந்த 'அவுக' எப்போது வந்தது?

"வந்தாரு. பெரிய மனசுடி அவருக்கு."

"என்னக்கா சொன்னாவ?"

"ஒனக்குப் புத்தி சரியில்லன்னாலும் பரவால்ல, வச்சுப் பாத்துக்கிடுதேன்னு சொன்னாரு. மொதப் பொண்டாட்டியவும் ஏழு வருஷம் அப்படித்தான் பாத்தாராம். நோயாளியப் பாத்துப் பழகின கை."

தைலக் குப்பியை மூடி வைத்தாள். மெதுவாகக் கேட்டாள். "எனக்கு என்னக்கா நோயி?"

"ஒண்ணும் இல்ல. விடு."

"சொல்லுங்கக்கா. அதுக்குத்தான் எல்லாரும் கையப் பிடிச்சாங்களா?"

"கிணத்தடியில நின்னது ஞாபகம் இருக்கா?"

"வாளி விழுந்துச்சு. அந்தத் தூத்துக்குடி வரன் முறிஞ்ச வாரம்."

"நீ அப்படித்தான் சொன்ன. நான் மறுத்துப் பேசல. இத்தன வருஷமா ஒரு ஆளுட்ட சொல்லாம ஒன்னய மறைச்சு வச்சிருந்தேன்."

"நான் வாளிதான் எடுத்தேன்." தைலக் கையை முந்தானையில் துடைத்தாள். "எனக்கே தெரியாம எப்படிக்கா நான் அப்படிச் செய்வேன்?"

"அந்த நோய் அப்படித்தான். வந்தவளுக்குத் தெரியாது, கூட இருக்கிறவளுக்குத்தான் தெரியும்."

அவள் என்னைப் பார்த்த பார்வை, சின்ன வயதில் காய்ச்சலோடு படுத்துக்கொண்டு 'நான் செத்துருவேனாக்கா' என்று கேட்டபோது பார்த்த பார்வை. அப்போது நான் அவளை மடியில் போட்டுக்கொண்டு, 'நான் இருக்கும்போது எப்படிச் சாவ' என்று சொன்னேன். இப்போதும் தலையைத் தடவிக் கொடுத்தேன். என் பிள்ளைதானே.

ஜூன் 20, வெள்ளி

பியூலா தானே ஐயரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லுவாள் என்று பார்த்தால், 'டாக்டரைப் பார்த்து நிச்சயம் பண்ணிக்கொண்டு பிறகு ஓலை வாசிக்கட்டும், ஒரு மனுஷனை நான் ஏமாற்றக் கூடாது' என்றாளாம். நாணயக்காரி.

ஐயரம்மா வந்து என்னிடம், "டாக்டர் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டா மூணாம் ஓலைய அடுத்த வாரமே வாசிச்சிரலாம் டீச்சர். வீட்டு ஆளு ஒருத்தர் வரணுமாம். பழைய கதையெல்லாம் அவுங்கதான் சொல்லணுமாம். ஒங்களால கார்ல உக்கார முடியுமா?" என்று கேட்டார்கள்.

நற்கருணைக்குக் கூடக் கோயிலுக்குப் போகாமல், ஐயரை வீட்டுக்கு வரவழைத்து வாங்குகிறவள் நான். முடியும் என்றேன்.

ஜூன் 24, செவ்வாய்

திருநெல்வேலிக்குப் போய் வந்தோம். காரில் ஒவ்வொரு பள்ளமும் இடுப்பில் இறங்கியது. பியூலா என் முதுகுக்குத் தலையணை வைத்து, வழி முழுவதும் கையால் தாங்கிக்கொண்டே வந்தாள். ஜெயசீலன் முன்னாலேயே வந்து டோக்கன் போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார், அவள் வாங்கிக்கொண்டாள்.

டாக்டர் சின்ன வயதுக்காரர், நெற்றியில் திருநீறு. பியூலாவிடம் ரொம்ப நேரம் பேசினார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பொறுமையானவர், ஒவ்வொன்றாகக் கேட்டார். அவர் கேட்டதற்கெல்லாம் நான் உள்ளதையே சொன்னேன்.

"தனியாப் பேசுவாங்களா?"

"தினமும். சமையல்கட்டுல நின்னு சத்தமாவே பேசுவா."

"அப்ப அழுவாங்களா?"

"நல்லா அழுவா. கொஞ்ச நேரத்துல சிரிப்பா."

"சாப்பாடு?"

"சில நாளு தொடவே மாட்டா. பச்சத் தண்ணி குடிக்க மாட்டா."

"யாரோ தன்கிட்ட பேசுற மாதிரிச் சொல்லுவாங்களா?"

"ஆண்டவர் பேசினாருன்னு சொல்லுவா."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "குரல் கேக்குதுன்னா?"

"இதச் செய்யி, அங்க போகாதன்னு சொல்லுதாருன்னு சொல்லுவா. அந்தப்படியே செய்வா."

எங்கள் சேகரத்தில் ஆண்டவர் பேசாத வீடு ஏது? எனக்கும் தினமும் காலையில் பேசுகிறார். ஆனால் அவர் என்னைப் பற்றிக் கேட்கவில்லை.

கடைசியாக, "உயிரை மாய்ச்சுக்க முயற்சி பண்ணினதா சொல்றாங்க. அவங்ககிட்டக் கேட்டா, 'எனக்கு ஞாபகம் வேற மாதிரி இருக்கு, அக்கா சொன்னாச் சரியா இருக்கும்'னு சொல்றாங்க. நீங்க நேர்ல பாத்தீங்களா?" என்று கேட்டார்.

நான் தண்ணீர் கேட்டேன். கொடுத்தார். குடித்தேன். கதவிலிருந்த கண்ணாடி வழியாக வெளி பெஞ்சு தெரிந்தது. ஜெயசீலன் ஒரு முனையில், பியூலா ஒரு முனையில். அவள் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டு இந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒண்ணுமில்லை என்று நான் சொன்னால் போதும், ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலை.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். வாயால் ஒன்றும் சொல்லவில்லை.

டாக்டர் மாத்திரை எழுதினார். விடாமல் கொடுக்க வேண்டும், கூடவே ஒரு ஆள் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும், இப்போதைக்குக் கல்யாணப் பேச்சை ஒத்திவைப்பது நல்லது என்றார். கூட நான் இருக்கிறேனே என்றேன்.

ஜூன் 29, ஞாயிறு

மூன்றாம் ஓலை வாசிக்கவில்லை. வேறொரு ஜோடிக்கு முதல் ஓலை வாசித்தார்கள். கொயரில் பியூலா இல்லாததால் இரண்டாம் குரல் எடுபடவில்லை. தூங்கிக்கொண்டிருந்தாள். மாத்திரை அப்படி அசத்துகிறது.

ஜூலை 3, வியாழன்

ஜெபக்கூட்டம். எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். "நீங்க இல்லன்னா அந்தப் பிள்ள கதி என்ன டீச்சர்" என்று மெர்சிலின் சொன்னாள். என்னை யாரும் இப்படிச் சொல்லி ரொம்ப நாளாகிறது. சுண்டல் இல்லை, பிஸ்கட் வாங்கிவரச் சொன்னேன்.

ஜூலை 6, ஞாயிறு

ஜெயசீலன் வந்தார். பியூலா எழுந்து வந்து, "வாங்க" என்றாள். முகம் கொஞ்சம் ஊதியிருக்கிறது. தண்ணீர் கொண்டுவரப் போனவள் வெகுநேரம் வரவில்லை. டம்ளரில் பாதியைத் தரையில் சிந்திக்கொண்டு வந்தாள். கை நடுக்கம். அவர் வாங்கிக் குடித்துவிட்டு, குனிந்து தன் துண்டாலேயே தரையைத் துடைத்தார்.

"துணி தைக்கியா?" என்று கேட்டார்.

"ஊசியில நூலு கோக்க வரல. கண்ணு ஒரு மாதிரியா இருக்கு. வகுப்புக்கும் வர வேண்டாம்னு சொல்லிட்டாங்க."

"கொறஞ்ச பெறகு கோக்கலாம். நான் இருக்கேன்."

"வேண்டாம். நீங்க வேற எடம் பாருங்க. ஒங்களுக்கும் ஏழு வருஷம் போதும்." சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

அவர் நனைந்த துண்டை மடித்தார். பிறகு என்னிடம், "டீச்சர், இதுக்கு முந்தி இந்தப் பிள்ளைக்கு என்ன செஞ்சுது? அறுவடைப் பண்டிகையில நான் பாத்தது இந்தப் பிள்ளையத்தானே?" என்றார்.

"தேவ சித்தம்," என்றேன்.

"தேவன் மேல போடாதீங்க டீச்சர்."

கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார். நான் அழுதேன். எதற்கென்று எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 9, புதன்

என்னைக் குளிப்பாட்ட ஆள் வைத்தாயிற்று. பேரு தங்கக்கிளி. முரட்டுக் கை. பியூலாதான் வைக்கச் சொன்னாள். "வெந்நி கைல இருக்கும்போது எனக்கு ஏதாவது ஆயிட்டா? ஒங்களுக்கு ஏதாவது செஞ்சிருவேனோன்னு பயமா இருக்குக்கா" என்கிறாள். அரிவாள்மணையைக் கூடத் தங்கக்கிளியிடம் கொடுத்துப் பரண் மேல் வைக்கச் சொல்லியிருக்கிறாள். காலுக்குத் தைலம் தேய்க்கக் கூப்பிட்டால் வாசலிலேயே நிற்கிறாள். "நீ ஒண்ணும் செய்ய மாட்ட, வாடி" என்றேன். "எனக்குத் தெரியாதுல்லக்கா, கூட இருக்கிறவுகளுக்குத்தானே தெரியும்" என்றாள். குத்திப் பேசவில்லை. அவளுக்கு அப்படிப் பேச வராது.

இடுப்பு வலி அதிகம்.

ஜூலை 13, ஞாயிறு

பகுதி ஒன்று சாமுவேல் மூன்று. பிள்ளை சாமுவேலைக் கர்த்தர் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். அவன் ஆசாரியனான ஏலி கூப்பிட்டதாக நினைத்து ஏலியிடம் ஓடுகிறான்.

சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் பியூலாவை வாசிக்கச் சொன்னேன். வரிக்குக் கீழே விரலை வைத்து வாசித்தாள், ஒரே வசனத்தை இரண்டு முறை வாசித்தாள், அது அவளுக்குத் தெரியவில்லை. நான் வேதத்தை வாங்கி மீதியை வாசித்தேன். முன்பெல்லாம் நான் வாசித்து முடிக்குமுன் அவள் ஏதாவது சொல்லுவாள், நான் நீளமாகப் பேசாதே என்பேன். இன்று அவளாக ஒன்றும் பேசவில்லை. எனக்கு அந்த அமைதி தாங்கவில்லை.

"ஏட்டி, ஏதாவது சொல்லேன்," என்றேன்.

"என்ன சொல்ல?" என்றாள். பிறகு, "முன்னால எனக்கு அடுப்படியில நிக்கும்போது கேக்கும்க்கா. சத்தமா இல்ல, உள்ளுக்குள்ள. பயப்படாத, நான் இருக்கேன்னு. இப்ப ஒண்ணும் கேக்கல. டாக்டர்ட்ட போன்ல சொன்னேன். ரொம்ப நல்லது, மருந்து வேலை செய்யுதுன்னு சொன்னாவ."

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"அது ஆண்டவருன்னுல்லக்கா நெனச்சிட்டு இருந்தேன், இத்தன வருஷமும்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஒங்ககிட்ட இப்பவும் பேசுதாருல்லக்கா?"

"ம்."

"எனக்கு என்ன சொல்லுதாருன்னு நீங்க கேட்டாச் சொல்லுவாரா? கேளுங்கக்கா. அவுககிட்ட நான் வேண்டாம்னு சொன்னது சரியா, போயி ஒரு வார்த்தை பேசணுமா, ஒண்ணும் புரியல எனக்கு. அவரு என்ன சொன்னாலும் கேக்கேன்."

நான் கண்ணை மூடினேன். வெளியே யாரோ சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனார்கள். உள்ளே ஒன்றுமில்லை. எனக்கும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் காத்துக்கொண்டிருந்தாள், மூச்சு விடுவது கேட்டது.

"அக்கா கூடவே இருக்கச் சொல்லுதாரு," என்றேன்.

"சரிக்கா," என்றாள்.

மாத்திரையைப் பிரித்துக் கொடுத்தேன். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விழுங்கினாள்.